குறைந்த செலவில் வேடம்: பலசரக்குக் கடைக்கு ஒரு பாடம்



சுதந்திர தினம் நெருங்கும் நாள்களிலிருந்து தசரா முடியும் வரை நம் கடைகளுக்கு ஒரு தனி வகை வாடிக்கையாளர் வருகின்றனர். "கிரீடம் செய்ய அட்டை இருக்கிறதா? தாடி ஒட்டப் பஞ்சு இருக்கிறதா? முகத்தில் பூச ஏதாவது வெள்ளை கொடுங்கள்" என்று கேட்கின்றனர். பல கடைகளில் இதற்குக் கிடைக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். சில கடைகளில் கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துவிடுகின்றனர். முதலாவதால் வியாபாரம் போகிறது. இரண்டாவதால் கடையின் பெயரே போகக்கூடும்.

வேடம் கட்டுவோருக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி பலசரக்குக் கடையிலேயே இருக்கிறது. எந்தச் சரக்கு எதற்கு உதவும், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். இதன் சாரம் ஒரே வரியில் அடங்கும்: ஆடையிலும் ஆயுதத்திலும் எவ்வளவு சிக்கனம் வேண்டுமானாலும் செய்யலாம், முகத்தில் பூசும் பொருளில் மட்டும் சிக்கனம் கூடாது.

வாங்க வருவோர் யார்?

முதலாமவர், பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் பெற்றோர். ஆகஸ்ட் 15, கோகுலாஷ்டமி, நவம்பர் 14, ஆண்டு விழா என்று இவர்களின் தேவை ஆண்டு முழுவதும் விட்டு விட்டு வரும். பாரதியார், கட்டபொம்மன், ஔவையார், திருவள்ளுவர், கண்ணன், காந்தி ஆகிய வேடங்களே மீண்டும் மீண்டும் கேட்கப்படும். பெரும்பாலும் முதல் நாள் மாலையில்தான் வருவார்கள்.

இரண்டாமவர், தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை அணிந்து விரதம் இருப்போர். காளி, ராஜா, குறவர், குரங்கு, கரடி என்று நேர்ந்துகொண்ட வேடத்தைக் கட்டி, ஊர் ஊராகவும் கடை கடையாகவும் காணிக்கை பெற்று அம்மன் சன்னதியில் செலுத்துவர். விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கும். தென் மாவட்ட வணிகர்களுக்கு இவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நம் வாசலில் நின்று காணிக்கை பெறுபவரே வேடப் பொருள் வாங்கவும் நம்மிடம் வருகிறார்.

மூன்றாமவர், வட மாவட்டங்களில் தெருக்கூத்துக் கட்டும் கலைஞர். நான்காமவர் புதியவர். திரைப்படம், சித்திரக்கதை, கணினி விளையாட்டு ஆகியவற்றில் வரும் பாத்திரங்களைப் போல வேடமிடும் இளைஞர். இதற்குக் 'காஸ்பிளே' என்று பெயர். ஆடை என்பதற்கும் விளையாட்டு என்பதற்குமான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து 1980களில் ஜப்பானில் உருவாக்கிய சொல் இது. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதன்முறையாகக் காமிக் கான் விழா நடந்தது. அதன்பின் இவ்வேடத்துக்கான பொருள் தேடுவோரை நம் ஊர்க் கடைத்தெருவிலும் பார்க்கலாம். விலையுயர்ந்த ஆடையை வெளியூரிலிருந்து வரவழைக்க முடியாத மாணவர்களே இவர்களில் பலர்.

நால்வர் நிலையும் ஒன்றுதான். கையில் பணம் கொஞ்சம். வேடம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

கூத்துக் கலைஞர் காட்டிய வழி

சிக்கனமாக வேடம் கட்டும் கலையைத் தெருக்கூத்துக் கலைஞர்களிடம்தான் கற்க வேண்டும். கர்ணனின் கிரீடமும் புஜக்கட்டையும் பார்ப்பதற்குப் பொன்னும் மணியுமாக மின்னும். உண்மையில் அவை கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. அந்த மரம் எடை மிகக் குறைவு. இரவு முழுவதும் அணிந்து ஆட வேண்டியவருக்கு எடை குறைய வேண்டும். விளக்கொளியில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மின்ன வேண்டும். இவ்விரண்டு தேவைக்கும் விலை குறைந்த பொருளே போதும் என்று நம் முன்னோர் கண்டுகொண்டனர்.

வாடிக்கையாளருக்கு நாம் சொல்ல வேண்டியதும் இதுதான். வேடத்தை அருகில் வைத்துத் தடவிப் பார்ப்பவர் எவரும் இல்லை. பத்தடி தூரத்தில் தெரியும் வடிவமும் நிறமும் மினுமினுப்பும் சரியாக இருந்தால் வேடம் நின்றுவிடும்.

நம் கடையின் கழிவே மூலப்பொருள்

அட்டைப்பெட்டி: சோப்பும் பிஸ்கட்டும் வந்த பெட்டிகளைப் பழைய பேப்பர்க்காரருக்குக் கிலோக் கணக்கில் போட்டுவிடுகிறோம். கிரீடம், கேடயம், கவசம், வாள் அனைத்துக்கும் இதுவே போதும். அட்டையின் உள்ளே ஓடும் வரிகளைக் கவனிக்க வேண்டும். கிரீடம் வெட்டும்போது வரிகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டினால் தலையைச் சுற்றி மடங்காமல் அழகாக வளையும். குறுக்கே ஓடினால் உடைந்து கோணலாகும். வாளுக்கு மூன்று அட்டைகளை, வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டி, நடுவில் ஒரு மூங்கில் சிம்பு வைத்தால் துவளாது. மேலே சமையலுக்கான அலுமினியத் தாளைச் சுற்றினால் எஃகு போலத் தெரியும். வண்ணம் பூசுவதானால், முதலில் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் அட்டை வண்ணத்தைக் குடித்துவிடும். செலவு இரண்டு மடங்காகும்.

பழைய திருமண அழைப்பிதழ்: கெட்டியான தாள், தங்க நிற ஓரம். ஒட்டியாணம், வங்கி, கிரீடத்தின் முகப்பு ஆகியவற்றுக்கு இதைவிட மலிவான பொருள் கிடையாது.

சாக்கும் சணலும்: சணல் கயிற்றைப் பிரித்து நீவினால் முனிவரின் தாடியும் சடைமுடியும் ஆகிவிடும். பிரித்த சாக்கு வேடனுக்கும் குறவனுக்கும் ஆடை. மிளகாய், பூச்சிமருந்து, உரம் வந்த சாக்கை மட்டும் எவருக்கும் கொடுக்கக் கூடாது. அது உடம்பில் படும் பொருள்.

பாக்கு மட்டைத் தட்டு: தோள் கவசத்துக்கும் முகமூடிக்கும் ஏற்ற வளைவு அதில் முன்பே இருக்கிறது. ஓரத்தில் இரு துளையிட்டு நூல் கோத்தால் போதும்.

மைதாவும் செய்தித்தாளும்: ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் நல்ல பசை. எண்ணெய் தடவிய கிண்ணத்தின் மேல் செய்தித்தாள் கீற்றுகளை இந்தப் பசையில் நனைத்து ஐந்து அடுக்கு ஒட்டி, இரண்டு நாள் காயவைத்து எடுத்தால் முகமூடியோ தலைக்கவசமோ கிடைக்கும். பூச்சி அரிக்காமலிருக்கச் சுவரொட்டி ஒட்டுவோர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. முகத்தில் அணியும் பொருளுக்கு அதைச் சேர்க்கக் கூடாது. 'முகமூடிக்கா?' என்று கேட்டுவிட்டே மயில்துத்தம் கொடுக்க வேண்டும்.

ரப்பர் நுரை விரிப்பு: காஸ்பிளே இளைஞர் பெரிதும் விரும்புவது இதுதான். குழந்தைகள் விளையாடத் தரையில் போடும் வண்ண விரிப்பை வெட்டி, சூடான காற்றைக் காட்டி வளைத்து, செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் ரப்பர் பசையால் ஒட்டிக் கவசம் செய்கின்றனர். இந்தப் பசையின் ஆவி மூச்சுக்குக் கெடுதல், எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆயுதம் பற்றி ஒரு வார்த்தை. குலசை தசராவில் இரும்பாலான வேல், வாள், சூலம் கொண்டுவரக் கூடாது என்று காவல்துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. கூட்டத்தில் ஒரு கூரிய முனை போதும், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணைப் பறிக்க. அட்டையும் மரமும் விலையும் குறைவு, பயமும் இல்லை. முனைகளை மழுங்க வெட்டித் துணிநாடா சுற்றச் சொல்ல வேண்டும்.

ஆடை

புதுத் துணி தேவையே இல்லை. அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டும் ஒரு வெள்ளைத் துண்டும் இருந்தால் பாரதியார். பாட்டியின் வெள்ளைப் புடவையும் ஒரு கம்பும் இருந்தால் ஔவையார். பழைய வேட்டியை மஞ்சள் கரைத்த வெந்நீரில் சிறிது படிகாரம் சேர்த்து ஊறவைத்தால் மஞ்சளாடை தயார். மஞ்சள் சாயம் வெயிலில் வெளுக்கும். ஒரு நாள் வேடத்துக்கு அது குறையில்லை.

துணி வகையில் ஓர் எச்சரிக்கை. தீச்சட்டி எடுப்போரும், விளக்கருகே நிற்கும் பிள்ளைகளும் நைலான் போன்ற செயற்கைத் துணி அணியக் கூடாது. தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குப் பருத்தித் துணியே நல்லது. அதுவும் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், தொங்கக் கூடாது.

தாடி மீசையைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். மெல்லிய எலாஸ்டிக் நூலில் பஞ்சைத் தைத்து இரு காதிலும் மாட்டிவிடலாம். சிறு பிள்ளைக்கு மீசை வரையக் கண்மை போதும்.

முகப்பூச்சு: இங்கே சிக்கனம் கூடாது

வேடம் போடுவதை 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அரிதாரம் என்பது ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். நாட்டு மருந்துக் கடையில் தாளகம் என்பதும் அதுவே. அது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த பாஷாணம். ஒருகாலத்தில் நடிகர் முகத்தில் மஞ்சள் நிறத்துக்கு அதைப் பூசியதால் பூச்சுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. சிவப்புக்கு வழங்கிய சாதிலிங்கம் பாதரசக் கனிமம். சிந்தூரம் என்ற பெயரில் வருவதில் ஈயச் செந்தூளும் உண்டு. சுர்மா என்ற கண்மையில் ஈயக் கனிமம் இருக்கக்கூடும். ஈய வெள்ளை என்ற வெண்பொடியும் முகத்துக்குப் போன ஒன்றுதான். கூத்துக் கலைஞர் கேட்கும் முத்துவெள்ளை என்பது துத்தநாகத்திலிருந்து வரும் வேறு பொருள். இரண்டும் வெள்ளைப் பொடிதான்; கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. விவரச்சீட்டு இல்லாத வெள்ளைப் பொடியை முகத்துக்கென்று விற்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இதன் விளைவை ஜப்பான் நாடகமேடை கண்டது. 1887இல் பேரரசர் முன்னிலையில் நடந்த கபுகி நாடகத்தில், நான்காம் நகமுரா ஃபுகுசுகே என்ற நடிகருக்கு மேடையிலேயே உடல் நடுக்கம் கண்டது. ஆண்டுக்கணக்கில் பூசிய வெள்ளைப் பொடியில் இருந்த ஈயமே காரணம் என்று கருதப்பட்டது. அதன்பிறகே ஈயமில்லாத பொடி செய்யும் முயற்சி அங்கே வேகம் பெற்றது.

ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முகத்தில் பூசியதை வியர்வையோடு நக்கும் வயதுப் பிள்ளைதான் மாறுவேடப் போட்டிக்குப் போகிறது.

சட்டமும் இதைச் சொல்கிறது. அழகுப்பொருள்கள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்திலும் 2020ஆம் ஆண்டின் விதிகளிலும் வருகின்றன. அவற்றில் சேரும் நிறமியில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் அடிக்கும் பெயின்டுக்கு 2017 நவம்பர் முதல் உள்ள வரம்பு 90 பங்கு. ஆகவே 'ஈயமில்லாதது' என்று டப்பாவில் அச்சிட்ட பெயின்டும் முகத்துக்கு ஆகாது. அதில் உள்ள கரைப்பான்களும் தோலை எரிக்கும். சிலை போல நிற்க உடல் முழுவதும் வெள்ளிப் பெயின்ட் கேட்டு வருவோர் உண்டு. அவர்களுக்கு மறுத்துவிடுவதே நாம் செய்யும் உதவி.

சாயப்பொடியிலும் கவனம் தேவை. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமைன் பி என்ற சாயம் கண்டறியப்பட்டு, அத்தகைய மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை விதித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். உதிரியாக வரும் 'ரோஸ் பவுடர்' எதுவாகவும் இருக்கலாம். கோலப்பொடி, துணிச்சாயம், போஸ்டர் கலர், ஜிகினாத் தூள் எதுவும் முகத்துக்கு உரியதல்ல. ஜிகினாத் தூள் கண்ணில் விழுந்தால் கருவிழியைக் கீறிவிடும்.

அப்படியானால் எதை விற்கலாம்? தோலில் பூசுவதற்கென்றே செய்த, விவரச்சீட்டு உள்ள வண்ணத்தை விற்கலாம். சீட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்மானம், பயன்படுத்தும் காலக்கெடு, அதிகபட்ச விலை ஆகியன இருக்க வேண்டும். பெரிய டப்பாவைப் பிரித்துச் சிறு பொட்டலமாகக் கட்டி விற்க வேண்டாம். பொட்டலத்தில் சீட்டு போய்விடுகிறது. நாளை ஒரு பிள்ளைக்கு முகம் வீங்கினால் பொறுப்பு நம் தலையில் நிற்கும். மொத்த வியாபாரிகள் ரசீதில் தொகுதி எண்ணைக் குறித்துக் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

செலவைக் குறைக்க வழியும் உண்டு. முகம் முழுவதும் பூசத் தேவையில்லை. கன்னத்திலும் நெற்றியிலும் நான்கு கோடு வரைந்தாலே குரங்கும் புலியும் வந்துவிடும். காளிக்குச் சிவந்த முகம் வேண்டுமானால் காகிதக் கூழ் முகமூடி செய்து, வெளிப்பக்கம் மட்டும் வண்ணம் அடித்து நன்றாகக் காயவைத்து, உள்ளே பருத்தித் துணி ஒட்டி அணியலாம்.

பயன்படுத்தும் முறையையும் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிப் பார்க்க வேண்டும். மறுநாள் வரை சிவக்காமல், அரிக்காமல் இருந்தால்தான் முகத்துக்குப் போக வேண்டும். பூசுமுன் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவ வேண்டும். கண்ணோரமும் உதடும் தவிர்க்க வேண்டும். கலைக்கும்போது மீண்டும் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, பாசிப்பயற்று மாவால் கழுவ வேண்டும். எண்ணெயும் பஞ்சும் மாவும் நம் கடைச் சரக்கே.

வியாபாரக் கணக்கு

தயாராகத் தைத்து வரும் வேடச் செட்டை வாங்கி விற்பது சுலபம் என்று தோன்றும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் பார்ப்போம். செட் 500 ரூபாய்க்கு வாங்கி 650க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 20 செட்டுக்கு முதல் 10,000 ரூபாய். 14 விற்றால் லாபம் 2,100. மீதி 6 செட்டில் 3,000 ரூபாய் அடுத்த ஆண்டு வரை முடங்கிவிடும். லாபத்தைவிட முடங்கியது அதிகம்.

அதற்குப் பதில், வீட்டில் செய்வதற்கான 'வேடப் பை' ஒன்றை நாமே சேர்த்து வைக்கலாம். பஞ்சு, எலாஸ்டிக், மைதா, தேங்காய் எண்ணெய்ச் சிறு பாக்கெட், சணல், ஜிகினாத் தாள், விவரச்சீட்டுள்ள சிறிய முகவண்ணம் ஆகியன சேர்த்து அடக்கம் 120 ரூபாய், விலை 150 என்று கொள்வோம். அட்டைப்பெட்டி இலவசம். 40 பையில் 28 விற்றால் லாபம் 840. மீதி 12 பையைப் பிரித்துவிட்டால் மைதாவும் பஞ்சும் எண்ணெயும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். ஜிகினாத் தாளும் வண்ணமும் பைக்கு 40 ரூபாய் என்றால், முடங்குவது 480 ரூபாய்தான். லாபம் தொகையில் குறைவே. ஆனால் முடங்கியதைவிட அதிகம். சிறு முதல் உள்ள கடைக்கு இதுவே ஏற்றது.

குழுவாக வாங்க வருவோரிடம் பட்டியலை எழுதி வாங்கி, பாதித் தொகையை முன்பணமாகப் பெற்றபின் கொள்முதல் செய்யுங்கள். பண்டிகைக் கடன் பண்டிகையோடு வசூலாகிவிடும் என்று எண்ண வேண்டாம். முகவண்ணத்தை மட்டும் காலக்கெடு பார்த்து, குறைவாக வாங்குங்கள்.

நினைவில் கொள்ள

1. வண்ணம் கேட்டால், 'எதற்கு?' என்று முதலில் கேட்போம். முகத்துக்கு என்றால் சீட்டுள்ளது மட்டுமே கொடுப்போம்.

2. அட்டைப்பெட்டியையும் சணலையும் சீசனில் ஒரு மூலையில் சேர்த்து வைப்போம்.

3. இரும்பு ஆயுதம் விற்பதில்லை என்று எழுதி வைப்போம்.

4. கடையில் நிற்கும் பையன்களுக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுப்போம். நாம் சாப்பிடப் போன நேரத்தில் வரும் வாடிக்கையாளருக்கும் இதே பதில் கிடைக்க வேண்டும்.

நூறு, இருநூறு ரூபாய்க்குள் தன் பிள்ளையை மேடையேற்ற நினைக்கும் தாய்க்குப் பெரிய கடைகளில் இடமில்லை. அவர் நம்மை நம்பித்தான் வருகிறார். எரியாத, அரிக்காத ஒரு பாரதியாரை அவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தால், ஆண்டு முழுவதும் அரிசி பருப்புக்கும் அவர் நம் கடைக்கே வருவார்.